யார் சாயல்? தத்தெடுத்த குடும்பத்தில் ஒரு கேமரா

[எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.]

இந்த வாரம் ஒரு நேயரோட கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். அவங்களுக்கு சென்னையில வேலை, சொந்த ஊர் மரக்காணம் பக்கம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்திருக்காங்க. பாப்பாவுக்கு இப்போ ஆறு வயசு. கோடை லீவுக்கு ஊருக்குப் போறப்போ உப்பளத்துல வச்சுக் குடும்பமா படம் எடுக்கணும்னு ஆசை. அவங்க கேட்டது ரெண்டே ரெண்டு. வெள்ளை வெளேர்னு இருக்கற இடத்துல முகம் கறுத்துப் போகாம எப்படி எடுக்கறது? எடுத்ததை இன்ஸ்டாவுல போடலாமா?

முதல் கேள்விக்கு ரெண்டு நிமிஷம் போதும். ரெண்டாவதுக்குத்தான் இந்த எபிசோடு.

உப்பு வெளிச்சம்

ஈசிஆர்ல பாண்டிக்குப் போனவங்களுக்கு மரக்காணம் தெரியும். விழுப்புரம் மாவட்டம், பாண்டிக்கு வடக்கே முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். தமிழ்நாட்டுல தூத்துக்குடி, வேதாரண்யம்னு உப்புக்குப் பேர் போன ஊர்களைச் சொன்னா அடுத்து வர்ற பேர் இதுதான். மழைக்காலம் முடிஞ்சு ஜனவரியில சேறு வாரி, பாத்தியைச் சரிபண்ணி வேலை ஆரம்பிப்பாங்க. வடகிழக்குப் பருவமழை வந்தா வேலை நின்னுடும். அதனால பொங்கலுக்குப் போனா தண்ணியும் சேறும்தான் பாப்பீங்க. வெள்ளை வேணும்னா நேயர் சொன்ன மாதிரி கோடைதான் சரி.

கேமரா, எதிர்ல இருக்கற காட்சி மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறம்னு நினைச்சுக்கிட்டு வெளிச்சத்தை அளக்குது. உப்புக் குவியலைக் காட்டினா, "ஐயோ ஜாஸ்தி"ன்னு தானே குறைச்சுடும். உப்பு அழுக்குச் சாம்பலாகும், நம்ம மாநிற முகம் இருட்டாகும். போன்ல எடுக்கறீங்கன்னா முகத்து மேல விரலை வச்சு அழுத்திப் பிடிங்க, லாக் ஆகும். அப்புறம் பக்கத்துல வர்ற சூரியக் குறியை மேல தள்ளுங்க. கேமரான்னா எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை பிளஸ் 1ல ஆரம்பிங்க, தேவைப்பட்டா பிளஸ் 2 வரைக்கும் போங்க. உப்பு கொஞ்சம் வெளுத்துப் போனா போகட்டும். காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி எடுங்க. கீழ இருக்கற உப்பே ரிஃப்ளெக்டர் மாதிரி, தாடைக்கு அடியில நிழல் விழாது.

வரப்பு மேல நில்லுங்க, பாத்திக்குள்ள கால் வைக்காதீங்க. அங்க விளையற உப்பு ஒருத்தரோட கூலி. அளக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க. சனி ஞாயிறுல வண்டியை ஓரம் கட்டிட்டு, வேலை செய்யறவங்களையும் அவங்க பிள்ளைங்களையும் கேக்காமயே ஜூம் பண்ணி எடுத்து, அடியில சோகமா ஒரு வரி போடறவங்க நிறைய பேர். அந்தப் பிள்ளைக்கு அந்தப் படம் எங்க போச்சுன்னே தெரியாது. இதை ஏன் சொல்றேன்னா, தத்தெடுத்த குழந்தையோட படத்துக்கும் இதே கதி வரலாம், அதுவும் சொந்த அம்மா அப்பா கையாலயே.

எடிட்டிங் பத்தி ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். வீட்டுல மத்தவங்க நிறம் ஒண்ணு, குழந்தை நிறம் வேற ஒண்ணுன்னா, ஃபில்டர் போட்டு எல்லாரையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர்ற ஆசை வரும். தயவுசெஞ்சு வேணாம். பதினாறு வயசுல அந்த ஆல்பத்தைப் புரட்டறப்போ, தன் நிறம் மட்டும் மாத்தப்பட்டிருக்குன்னு அது கண்டுபிடிச்சுடும்.

சாயல் விளையாட்டு

நம்ம ஊர்ல குடும்பப் படத்தைக் கையில குடுத்தா முதல்ல என்ன நடக்கும்? "மூக்கு அப்படியே அப்பா", "சிரிப்பு ஆயாவோடது", "இது யார் சாயல்னே தெரியலையே". யாரும் கெட்ட எண்ணத்துல கேக்கறதில்ல. நாம படம் பாக்கற விதமே அதுதான். ஆனா தத்தெடுத்த குடும்பத்துல அந்தக் கடைசிக் கேள்வி விழுந்ததும் கூடத்துல ஒரு நொடி அமைதி வரும். குழந்தை அந்த அமைதியைக் கவனிக்கும்.

இன்னொண்ணு, நம்ம எல்லாருமே கேட்டு வளர்ந்த கிண்டல்: "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்." பிறந்த குழந்தைங்க தங்காத வீட்டுல, அடுத்து பொறந்ததைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்து, தவிடு குடுத்துத் திரும்ப வாங்கற பழக்கம் ஒரு காலத்துல இருந்துச்சு. குப்பம்மா, பிச்சைன்னு பேர் வச்சதும் அதே பயத்துலதான். வயித்துல பொறந்த பிள்ளைக்கு அது வெறும் கிண்டல். தத்தெடுத்த பிள்ளைக்கு அது தகவல் மாதிரி கேக்கும். ஊர்ல ஆல்பம் பாக்கறப்போ மாமா யாராவது வாய் தவறி அதைச் சொல்றதுக்கு முன்னாடி, ஒரு போன் போட்டு, "மாமா, அந்த ஜோக் மட்டும் வேணாம்"னு சொல்லி வைங்க.

சரி, படம் இதுல என்ன செய்ய முடியும்? நிறைய. மூக்கும் கண்ணும் ஒத்துப்போகாட்டி என்ன, குழந்தைங்க நம்மளோட அசைவை எடுத்துக்குவாங்க. அப்பா காலை மடக்கி உக்கார்ற மாதிரியே உக்காரும். பாட்டி இடுப்புல கை வச்சு யாரையோ திட்டினா, ரெண்டடி தள்ளி இதுவும் இடுப்புல கை வச்சு நிக்கும். ஒரே மாதிரி சோறு பிசையும், ஒரே மாதிரி தலையைச் சாய்ச்சு போன் பேசும். இந்தச் சாயல் ரத்தத்துல வர்றதில்ல, ஒண்ணா இருந்து இருந்து வர்றது. இதைக் கேமராதான் நல்லாப் பிடிக்கும், ஏன்னா கூட இருக்கறவங்களுக்கே கண்ணுல படாது. அதனால "எல்லாரும் இங்க பாருங்க" படத்தைக் குறைங்க. பக்கவாட்டுல நின்னு, ரெண்டு பேர் ஒரே வேலையைச் செய்யறப்போ எடுங்க. துணி மடிக்கறது, மீன் கழுவறப்போ எட்டிப் பாக்கறது, மொட்டை மாடியில வடகம் காயப்போடறது, தாத்தா பேப்பரைப் பிடிச்சபடியே தூங்கறது, அது பக்கத்துல இது தூங்கறது.

படம் எடுக்கறப்போ அது கேமராவை மறந்திருக்கணும்னா, நீங்க தினமும் எடுக்கணும். பிறந்தநாள், பொங்கல்னு விசேஷத்துக்கு மட்டும் கேமரா வெளிய வந்தா, குழந்தை விசேஷமாவே நடிக்கும். தாமதமா வீட்டுக்கு வந்த குழந்தைங்ககிட்ட இது இன்னும் அதிகம். நல்லா சிரிச்சாதான் இங்க வச்சுப்பாங்கன்னு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு ஓடலாம். அழுக்குச் சட்டையோட, முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கற ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைப் படமும் பிரிண்ட் ஆகி செவுத்துல இருந்தா, அந்தக் கணக்குக்கு அது ஒரு பதில்.

படத்துல தொடங்கற உறவு

பெத்தெடுத்த குடும்பத்துல குழந்தை முதல்ல, படம் அப்புறம். தத்தெடுப்புல பெரும்பாலும் படம்தான் முதல்ல வரும். மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம், சுருக்கமா காரா, அதோட தளத்துல பதிவு பண்ணிக் காத்திருக்கற பெற்றோருக்கு, முறை வந்ததும் குழந்தையோட படம், குழந்தையைப் பத்தின அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை இதெல்லாம் வரும். பாத்துட்டு 48 மணி நேரத்துக்குள்ள குழந்தையை ரிசர்வ் பண்ணணும். அந்த 48 மணி நேரம் அந்தப் படத்தை எத்தனை தடவை பெருசாக்கிப் பாத்திருப்பாங்கன்னு யோசிங்க. வீட்டுக்கு வந்த பிறகும் ரெண்டு வருஷத்துக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பின்தொடர் அறிக்கை போகும். அதோடயும் படம் போகும். அதாவது இந்தக் குடும்பத்துல படம்ங்கறது முதல்லயே ஓர் ஆவணம்.

அதே நேரத்துல அந்தப் படம் ரகசியமும்கூட. இளைஞர் நீதிச் சட்டம், 2015. அதோட 74ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படற குழந்தையோட பேர், முகவரி, பள்ளிக்கூடம், படம்னு அடையாளம் காட்டற எதையும் ஊடகங்கள்ல வெளியிடறதைத் தடுக்குது. மீறினா ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லன்னா 2 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். 2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலையில, "பெத்தவங்க இறந்துட்டாங்க, தத்தெடுக்க விரும்பறவங்க இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு குழந்தைங்க படத்தோட எத்தனை ஃபார்வர்ட் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? நல்ல மனசோட அனுப்பினவங்கதான் பாதிப் பேர். குழந்தை கடத்தறவங்களுக்கும் அதே ஃபார்வர்ட் போகும். அடுத்த மாசமே உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இந்த மாதிரி சட்டவிரோதத் தத்தெடுப்பு மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவு போட்டுச்சு. அப்படி ஒரு குழந்தையைப் பத்தித் தெரிஞ்சா படம் எடுக்காதீங்க, 1098க்கு போன் பண்ணுங்க.

இறுதி உத்தரவு இப்போ மாவட்ட ஆட்சியர்கிட்ட இருந்து வருது, முன்னாடி நீதிமன்றம். அது கைக்கு வர்ற வரைக்கும் பொதுவெளியில ஒரு படம்கூடப் போடாதீங்க. வந்த பிறகு? சட்டப்படி அது உங்க பிள்ளை, நீங்க போடலாம். ஆனா போடலாமாங்கற கேள்வி அப்பதான் உண்மையிலேயே ஆரம்பிக்குது.

யார் கதை இது

இந்த வங்கக் கடற்கரைக்கு 2004 டிசம்பர் 26 மறக்காது. மரக்காணத்து மீனவக் கிராமங்கள்லயும் அலை ஏறிச்சு. தெற்கே நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் அங்க ஆட்சியரா வந்தவர் ஜெ. ராதாகிருஷ்ணன். பெத்தவங்களை இழந்த குழந்தைங்களுக்காகத் தொடங்கின அரசுக் காப்பகத்துல இருந்த ரெண்டு சின்னப் பெண் குழந்தைங்க அவரோடயும் அவர் மனைவியோடயும் ஒட்டிக்கிட்டாங்க. சட்டப்படி தத்து இல்ல. ஆனா மாற்றலாகிப் போன பிறகும் வந்து பாத்தாங்க, படிப்பைக் கவனிச்சாங்க. 2022ல ஒருத்தருக்கும் 2025ல இன்னொருத்தருக்கும் கல்யாணம் நடந்தப்போ, அப்பா அம்மா மாதிரி முன்னாடி நின்னாங்க. ரெண்டு தடவையும் பழைய படமும் புதுப் படமும் பக்கத்துல பக்கத்துல வச்சு எல்லாரும் ஷேர் பண்ணினோம். நானும்தான் அதைப் பாத்துக் கண் கலங்கினேன். அந்த உறவு அழகானது, அதுல சந்தேகமே இல்ல.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? நான் அந்தப் பெண்கள் பேரைச் சொல்லல. நான் சொல்லாட்டியும் தேடினா ஒரு நொடியில கிடைச்சுடும். வளர்ந்து, படிச்சு, வேலைக்குப் போய், கல்யாணம் ஆன ரெண்டு பெரியவங்க, செய்தியில இன்னும் "சுனாமிக் குழந்தை"தான்.

இலங்கையில இதே மாதிரி இன்னொரு குழந்தை. கல்முனை ஆஸ்பத்திரிக்கு அன்னிக்கு வந்த 81ஆவது ஆள்ங்கறதால "பேபி 81"ன்னு உலகம் முழுக்கப் படம் போச்சு. ஒன்பது தம்பதிகள் எங்க குழந்தைன்னு சொல்றாங்கன்னு செய்தி வந்துச்சு. டிஎன்ஏ பரிசோதனைக்கு அப்புறம் 2005 பிப்ரவரியில பெத்தவங்ககிட்டயே போய்ச் சேர்ந்தது. கதை சுபமா முடிஞ்சதுன்னு உலகம் அடுத்த செய்திக்குப் போயிடுச்சு. அந்தப் பையனுக்கு முடியல. பள்ளிக்கூடத்துல "சுனாமி பேபி"ன்னு கிண்டல் பண்ணாங்கன்னு பல வருஷம் கழிச்சு அவனே செய்தியாளர்ங்ககிட்ட சொன்னான். ஒரு படம், அதுக்கு அடியில ரெண்டு வார்த்தை. அவ்வளவுதான் அவன் மேல ஒட்டிக்கிச்சு.

இப்போ நம்ம இன்ஸ்டாவுக்கு வாங்க. தத்தெடுத்த குடும்பங்கள்ல ஒரு டெம்ப்ளேட் ஓடிக்கிட்டிருக்கு: "அன்று – இன்று". இடது பக்கம் காப்பகத்துல எடுத்த படம், மொட்டைத் தலை, பெரிய சட்டை, மிரண்ட கண்ணு. வலது பக்கம் ஃபிராக் போட்டு சிரிக்கற படம். கமெண்ட்ல "பெரிய மனசு", "வாழ்க்கை குடுத்திருக்கீங்க". எனக்கு இந்த டெம்ப்ளேட் சுத்தமாப் பிடிக்கல. அதுல குழந்தை ஆதாரம், பெத்தவங்க ஹீரோ. இடது பக்கம் இருக்கற வாழ்க்கையும் அந்தக் குழந்தையோடதுதான். பெத்த ஒருத்தி அதுல இருக்கா, தூக்கி வளர்த்த ஓர் ஆயா இருக்காங்க. அதை இருட்டுப் பாதின்னு முத்திரை குத்தற உரிமை நமக்குக் கிடையாது. வீட்டுக்கு வந்த முதல் நாள் வீடியோவும் அப்படித்தான். நமக்கு அது கொண்டாட்டம், குழந்தைக்கு அன்னிக்குத் தெரிஞ்ச முகம் எல்லாம் காணாமப் போன நாள். எடுத்து வைங்க, கண்டிப்பா எடுங்க. ஆனா போடாதீங்க.

இதோட உச்சம் அமெரிக்காவுல நடந்துச்சு. ஒஹையோ மாநிலத்து யூடியூபர் மைக்கா ஸ்டாஃபரும் கணவரும் 2017ல சீனாவுல இருந்து ஒரு பையனைத் தத்தெடுத்தாங்க. அந்தப் பயணமே சேனலுக்குத் தொடர் ஆச்சு. பையனோட மருத்துவ விவரம்கூட வெளிய வந்துச்சு. 2020 மே மாசம் ஒரு வீடியோ போட்டு, அவனை வேற குடும்பத்துக்குக் குடுத்துட்டோம்னு சொன்னாங்க. பார்வையாளர்கள் கொதிச்சாங்க. ஆனா அது வரைக்கும் பாத்துப் பாத்து லைக் போட்டதும் அதே பார்வையாளர்கள்தான். பிறகு இலினாய் மாநிலம், வீடியோவுல வர்ற குழந்தைக்கு வருமானத்துல பங்கு ஒதுக்கணும்னு சட்டம் போட்டு 2024 ஜூலையில இருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்துச்சு. பிரான்ஸ்ல அதே வருஷம், பிள்ளையோட படத்து மேல பிள்ளைக்கே உரிமை இருக்கு, அதைக் காப்பாத்தறது பெத்தவங்க கடமைன்னு சட்டம் வந்துச்சு.

நம்ம விதிகள்லயும் இந்த எண்ணம் இருக்கு, சத்தமில்லாம. அஞ்சு வயசு, அதுக்கு மேல ஆன குழந்தையைத் தத்துக் குடுக்கணும்னா அதோட சம்மதம் வேணும். பதினெட்டு வயசுக்கு அப்புறம் தன் வேரைத் தேடி, பழைய விவரம் கேட்டு அது தனியாவே மனு போடலாம். அதுக்கு முன்னாடின்னா வளர்க்கற பெத்தவங்களோட சேர்ந்து போடலாம். மூணாவது மனுஷர் யாரும் கேட்டுட முடியாது. அதாவது தத்துக்கு முந்தைய கதைக்குச் சொந்தக்காரர் ஒருத்தர்தான், அது குழந்தை. நாம அதுவரைக்கும் பெட்டியைப் பத்திரமா வச்சிருக்கற ஆளு. அதனால நேயருக்கு என் பதில்: தத்துன்னு தெரியற மாதிரி எதையும் பொதுவுல போடாதீங்க. உப்பளத்துப் படத்தைப் போடணும்னா, பாப்பாகிட்ட படத்தைக் காட்டி, யார் யாரெல்லாம் பாப்பாங்கன்னு சொல்லி, போடவான்னு கேளுங்க. தத்துக்கே சம்மதம் கேக்கற வயசுல, ஒரு போஸ்டுக்குக் கேக்கறதுல என்ன? வேணாம்னு சொன்னா அதோட முடிஞ்சது, காரணம் கேக்காதீங்க.

"அப்போ மறைக்கச் சொல்றீங்களா?"ன்னு கேக்கலாம். இல்ல. குழந்தைகிட்ட மறைக்கவே கூடாது. கன்னத்தில் முத்தமிட்டால் படத்துல அமுதாவுக்கு ஒன்பதாவது பிறந்தநாள்ல சொல்வாங்க, அது எப்படி உடைஞ்சு போகும்னு பாத்திருப்பீங்க. அதுல அப்பா எழுத்தாளர், அந்தக் குழந்தையைப் பத்தி முதல்ல ஒரு கதையே எழுதிடுவார். இன்னிக்குன்னா த்ரெட் போட்டிருப்பார்னு நினைக்கறேன். ஊருக்குத் தெரிஞ்சு பிள்ளைக்குத் தெரியாம இருக்கறதுதான் ஆபத்து. பிள்ளைக்கு எல்லாம் தெரியணும், ஊருக்கு எவ்வளவுங்கறதை அது முடிவு பண்ணட்டும்.

பெட்டிக்குள்ள என்ன

வீட்டுக்குள்ள ஆல்பம் எப்படி இருக்கணும்? "நம்ம வீட்டுக்கு வந்த நாள்"ல ஆரம்பிக்காதீங்க. சமூகப் பணியாளர்கள் வாழ்க்கைப் புத்தகம்னு ஒண்ணு செய்யச் சொல்லுவாங்க. குழந்தையோட கதை அது பொறந்த நாள்ல இருந்து ஓடணும். அந்தக் காலத்துப் படம் ஒண்ணு ரெண்டுதான் கிடைக்கும், சில சமயம் அந்த காரா படம் மட்டும்தான். அதை வெட்டாதீங்க, பளபளப்பாக்காதீங்க. படம் இல்லாத இடத்தைப் பொருளால நிரப்பலாம்: போட்டு வந்த சட்டை, அன்னிக்கு வந்த ரயில் டிக்கெட், அனுமதி வாங்கிட்டு எடுத்த காப்பகத்து வாசல், அந்த ஊர்த் தெரு. தெரியாத இடத்துல வெத்துப் பக்கம் விடுங்க. அந்தப் பக்கத்தைக் கற்பனைக் கதையால நிரப்பறதைவிட வெத்தா இருக்கறது நல்லது.

டெக்னிக்கலா ரெண்டு விஷயம். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா படம் சுருங்கும், தேதி விவரமும் போயிடும். அதனால ஒரிஜினல் ஃபைலைத் தனியா ரெண்டு இடத்துல வைங்க. மாறா, டாக்குமெண்டா அனுப்பினா எந்த இடத்துல எடுத்ததுங்கற ஜிபிஎஸ் விவரமும் சேர்ந்து போகும். குடும்ப குரூப்புக்கு அனுப்பறப்போ இதை யோசிங்க. அப்புறம் பிரிண்ட் போடுங்க. பின்னாடி பென்சில்ல தேதி, இடம், கூட இருந்தவங்க பேர் எழுதுங்க.

கடைசியா, கேமராவை பாப்பா கையிலயும் குடுங்க. ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமார், 2022ல தயாநிதா சிங் – பாரி விருது வாங்கினவர், உழைக்கற மக்களோட பிள்ளைங்களுக்குப் படம் எடுக்கச் சொல்லிக் குடுக்கறவர். தன் வீட்டையும் தெருவையும் அந்தப் பிள்ளைங்களே எடுக்கறப்போ வெளியாள் கண்ணுக்குத் தெரியாதது தெரியும். ஆறு வயசு உயரத்துல இருந்து பாத்தா உங்க வீடும் வேற மாதிரிதான் இருக்கும். பாட்டியோட முழங்கை, அடுப்படி ஜன்னல், நாயோட வால், கட்டைவிரல் மறைச்ச பாதிப் படம், நீங்க யாருக்கோ போன் பேசிக்கிட்டு இருக்கற முதுகு. டெலீட் பண்ணாம எல்லாத்தையும் வைங்க. அந்த ஆல்பத்துல நீங்க எடுத்த படமும் அது எடுத்த படமும் கலந்தே இருக்கட்டும்.